நாய் தொட்டிச் செடியைக் கடித்துவிட்டது, வாயெல்லாம் எச்சில். என்ன செய்வது?

தென்பெண்ணைக்கரை:
அவசரம். எங்கள் வீடு காவேரிப்பட்டணம். வாசல் திண்ணையில் இரண்டு தொட்டிகள். ஒன்றில் பெரிய பச்சை இலையில் வெள்ளைத் திட்டு விழுந்த செடி. கிரகப்பிரவேசத்துக்கு யாரோ ஓசூரிலிருந்து வாங்கி வந்தது, பெயர் தெரியாது. இன்னொன்று அடி குண்டாக இருக்கும் அடீனியம். நாங்கள் கடைக்குப் போய் வருவதற்குள் எங்கள் கருப்பன் இரண்டையும் உருட்டிவிட்டிருக்கிறான். நாட்டு நாய், 20 கிலோ இருப்பான்.

எச்சில் கயிறு கயிறாக ஒழுகுகிறது. முன்காலால் வாயைப் பிறாண்டுகிறான், ஒரு தடவை வாந்தி எடுத்தான். தண்ணீர் வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறான். கடித்து ஒரு மணி நேரத்துக்குள்தான் இருக்கும். மாமியார் புளி கரைத்து ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா?

வேப்பமரத்தடி:
புளி வேண்டாம் அக்கா. உப்பைக் கெட்டியாகக் கரைத்து ஒரு டம்ளர் ஊற்றுங்கள், எல்லாம் வெளியே வந்துவிடும். எங்கள் ஊரில் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள்.

பாலக்கோடு பெரியவர்:
அம்மா, உப்பும் புளியும் அடுப்படியிலேயே இருக்கட்டும். கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உப்புத் தண்ணீர் ஊற்றி, ரத்தத்தில் உப்பு ஏறி, வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். செடி செய்ததைவிட உப்பு செய்தது அதிகம். வாயைப் பிளந்து எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போகிற ஆபத்தும் உண்டு.

நீங்கள் சொல்கிற வெள்ளைத் திட்டு இலை டிஃபன்பேக்கியா மாதிரி இருக்கிறது. அதன் சாற்றில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கும். கடித்த உடனே நாக்கிலும் ஈறிலும் குத்தும். சேப்பங்கிழங்கை நறுக்கினால் கை அரிக்கிறதே, அதே சங்கதிதான். மணிப்ளான்டிலும் இதுவே உண்டு. நாய் படுகிற பாடு பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஒரு நாளில் தெளிந்துவிடும். தொண்டை வீங்கி மூச்சு இழுத்தால் மட்டும் நொடி தாமதிக்கக் கூடாது.

எனக்குக் கவலை அடீனியம்தான். அது அரளிக் குடும்பம். ஆப்பிரிக்காவில் அதன் பாலை அம்பு நுனியில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். அது இதயத்தைப் பிடிக்கும் விஷம். ஆரம்பத்தில் இவ்வளவு ஆர்ப்பாட்டம் இருக்காது. இரண்டு வாந்தி எடுத்துவிட்டு மூலையில் போய்ப் படுக்கும், நாமும் சரியாகிவிட்டது என்று நினைப்போம். நாடி மட்டும் உள்ளே குறைந்துகொண்டே வரும்.

அதனால் இப்போதே இரண்டு செடியையும் பாருங்கள். பல் தடம் எதில்? அடீனியத்தில் பால் வடிந்த காயம் இருக்கிறதா? வாந்தியைக் குச்சியால் கிளறி, என்ன இலை வந்திருக்கிறது என்று பாருங்கள். ஈரத் துணியால் வாயைத் துடைத்து, அவனே நக்கினால் இரண்டு கரண்டி தயிர் வையுங்கள். தயிரில் உள்ள கால்சியம் எரிச்சலை அடக்கும்.

தென்பெண்ணைக்கரை:
வெள்ளைத் திட்டுச் செடியில் மூன்று இலை கிழிந்து தொங்குகிறது. வாந்தியிலும் அந்த இலைதான். அடீனியத்தில் ஒரு கிளை முறிந்து பால் வடிந்திருக்கிறது. ஆனால் முறிந்த கிளை இலையோடு தொட்டிக்கு அடியில் கிடக்கிறது. தயிரை நக்கினான். வீட்டுக்காரர் ஷிஃப்டில் இருக்கிறார், வர நேரமாகும். காலை வரை பார்க்கலாமா?

பாலக்கோடு பெரியவர்:
கூடாது. தொட்டி விழுந்து கிளை முறிந்திருக்கலாம், அவன் வாயும் பட்டிருக்கலாம். அந்தச் சந்தேகம் போதும். பின்னந்தொடையின் உள்பக்கம் விரல் வைத்தால் நாடி தட்டும். இவன் எடைக்கு நிமிடத்துக்கு 60-க்குக் கீழே போனாலோ, தட்டித் தட்டி நின்று நின்று வந்தாலோ வழியிலேயே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஆட்டோ பிடியுங்கள், கிருஷ்ணகிரி எட்டுகிற தூரம்தான். கிளம்பும் முன் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை நம்பி உட்கார வேண்டாம், அந்த வண்டி முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது. இரண்டு செடியிலும் ஒவ்வொரு இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள். "ஏதோ செடி தின்றான்" என்று சொன்னால் டாக்டர் என்னதான் செய்வார்?

வேப்பமரத்தடி:
அடுப்புக்கரியைப் பொடித்துக் கொடுத்தால் விஷத்தை உறிஞ்சும் என்கிறார்களே?

பாலக்கோடு பெரியவர்:
அது மருந்துக்கடையில் விற்கிற ஆக்டிவேட்டட் சார்கோல், தம்பி. அடுப்புக்கரி அந்த வேலை செய்யாது. அதையும் எப்போது, எவ்வளவு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பாகலூர் நர்சரி:
பெரியவர் சொன்னதோடு ஒன்று. எங்களிடம் செடி வாங்குகிறவர்கள் நாய் வளர்ப்பதாகச் சொன்னால் சைகஸை நான் தருவதில்லை. பனை மாதிரி அழகாக இருக்கும், ஆனால் அதன் விதை ஒன்றிரண்டே கல்லீரலைக் கெடுக்கப் போதும். அப்புறம் ரோஜாத் தொட்டிக்கு ஆமணக்குப் புண்ணாக்கு போடுகிறவர்கள் கவனியுங்கள். அதன் வாசனைக்கு நாய் மண்ணைத் தோண்டித் தின்னும். சரியாகப் பதப்படுத்தாத புண்ணாக்கில் ரிசின் என்ற விஷம் மிச்சம் இருக்கும், அது மணிக்கணக்கு கழித்துத்தான் வேலையைக் காட்டும். நாய் இருக்கிற வீட்டில் வேப்பம் புண்ணாக்கு போடுங்கள்.

தென்பெண்ணைக்கரை:
நேற்று இரவே போய்விட்டோம். டாக்டர் இலையைப் பார்த்ததும் டிஃபன்பேக்கியா என்றார். வாயைக் கழுவி, வாந்திக்கும் வீக்கத்துக்கும் ஊசி போட்டார். அடீனியம் பற்றிச் சொன்னதும் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து அவ்வப்போது கேட்டபடி வெகு நேரம் உட்காரவைத்தார். துடிப்பு சீராக இருந்ததால் அனுப்பினார். இன்று காலை தயிர்சோறு சாப்பிட்டான், நாக்கு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. இரண்டு தொட்டியும் மொட்டைமாடிக்குப் போய்விட்டன. ஆனால் எங்கள் வேலி முழுக்க மஞ்சள் அரளி. அதை என்ன செய்ய?

பாலக்கோடு பெரியவர்:
நல்லது. வேலியை வெட்ட வேண்டாம். கசப்பாக இருப்பதால் வளர்ந்த நாய் பெரும்பாலும் அதில் வாய் வைக்காது. குட்டி வந்தால் மட்டும் கயிற்றில் வையுங்கள். கவாத்து செய்த தழையை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள், காய்ந்தாலும் விஷம் குறையாது. காயையும் பொறுக்கிவிடுங்கள். அந்தத் தழையை எரித்துக் குளிர் காயவும் கூடாது, புகையும் கெடுதல். பக்கத்து வீட்டு ஆடு வேலிக்கு வருமா?

தென்பெண்ணைக்கரை:
தினமும் வரும் ஐயா. இப்போதே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.