பழைய தேக்கு நாற்காலி: ஆடும் மூட்டு, கறுத்த பாலிஷ், கிழிந்த பிரம்பு

வைகைக்கரை:
வீட்டில் கைப்பிடி வைத்த பழைய தேக்கு நாற்காலி ஒன்று. உட்கார்ந்தால் பக்கவாட்டில் ஆடுகிறது. பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் இடத்தில் ஒரு மி.மீ. இடைவெளி தெரிகிறது, ஒரு மூட்டில் யாரோ ஆணி அடித்திருக்கிறார்கள். பாலிஷ் கறுத்து, கைப்பிடி பிசுபிசுக்கிறது. முன்கால் அடியில் சின்னச் சின்ன ஓட்டை, அதிலிருந்து மாவு மாதிரி தூள். இருக்கையில் பிரம்பும் கிழிந்துவிட்டது. மூட்டில் பெவிகால் விட்டு, சாண்டர் மெஷினால் முழுசாகத் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா?

மரவேலை_பிரியன்:
சாண்டரை எடுக்காதீர்கள். முதலில் பூச்சி, அடுத்து மூட்டு, பிறகு பாலிஷ், கடைசியில் பிரம்பு. இந்த வரிசை மாறினால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

மண் இல்லாமல் மாவு மாதிரி தூள் மட்டும் கொட்டினால் அது அநேகமாகக் கரையான் இல்லை, மரத்தை உளுக்க வைக்கும் வண்டு. வைரம் பாய்ந்த தேக்கை அது பெரும்பாலும் தொடாது, ஓரத்து வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். காலடியில் கறுப்புக் காகிதம் விரித்து இரண்டு வாரம் பாருங்கள். புதுத் தூள் விழுந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. மரத்துக்கான பூச்சிமருந்தை ஊசியால் ஓட்டை ஓட்டையாக ஏற்றுங்கள். உள்ளே வழிகள் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதால் ஒரு ஓட்டையில் ஏற்றினால் இன்னொன்றில் பீய்ச்சும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், வேலை திறந்த வெளியில்.

மூட்டுக்கு வருவோம். இடைவெளியில் பெவிகாலை ஊற்றினால் சில மாதத்தில் மறுபடி ஆடும். அந்தப் பசை மர நாருக்குள் இறங்கினால்தான் பிடிக்கும். உள்ளே பழைய பசை கண்ணாடி மாதிரி படிந்திருக்கிறது, அதன்மேல் ஒட்டாது. பிரித்தே ஆகவேண்டும்.

பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டிலும் டேப் ஒட்டி இடது, வலது என்று எழுதுங்கள். கையால் செய்த நாற்காலியில் இடதுபக்க நாக்கு (துளைக்குள் செருகும் முனை) வலதுபக்கத் துளைக்குச் சேராது. ஆணியை முதலில் பிடுங்குங்கள். தலை உள்ளே புதைந்திருந்தால் சுற்றி உளியால் கொஞ்சம் எடுத்துக் குறடுக்குப் பிடி கொடுங்கள். ஆணி இருக்கும்போதே தட்டினால் நாக்கு பிளந்துவிடும். மர ஆணி குறுக்கே போகிறதா என்றும் பாருங்கள்.

பழைய நாற்காலி என்றால் உள்ளே இருப்பது அநேகமாக வஜ்ரம்தான், அதாவது விலங்குத் தோல், எலும்பில் காய்ச்சிய பசை. சூடான தண்ணீரை ஊசியால் மூட்டுக்குள் விட்டு, கால் மணி நேரம் கழித்து கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) தட்டுங்கள், மெல்ல இளகி வரும். பழைய பசையை ஈரத்துணியாலும் உளி முனையாலும் முழுக்கச் சுரண்டி, இரண்டு நாள் காயவிடுங்கள். தொளதொளவென்று இருக்கும் நாக்கின் இரு கன்னத்திலும் அரை மி.மீ. தேக்குச் சீவலை ஒட்டி, துளைக்குள் கையால் அழுத்தினால் இறுக்கமாகப் போகும் அளவுக்குத் தேயுங்கள். மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைப்பது வேண்டாம். அதில் பலமே கிடையாது.

தேக்கில் எண்ணெய் உண்டு. பசை தடவுவதற்குச் சற்று முன் தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள். கிளாம்ப் இல்லையென்றால் நைலான் கயிற்றைச் சட்டத்தைச் சுற்றிக் கட்டி, குச்சி செருகி முறுக்குங்கள். இறுக்கிய கையோடு சமதரையில் நிறுத்தி நாலு காலும் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள், பசை காய்ந்தபின் திருத்தவே முடியாது. பிதுங்கிய பசையை உடனே துடைக்காவிட்டால் அந்த இடத்தில் பாலிஷ் ஏறாமல் வெளிறிக் கிடக்கும். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

அவலரக்கு:
பாலிஷைப் பற்றி. மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துத் தேயுங்கள். பழுப்பாகக் கரைந்து வந்தால் அது அரக்குப் பாலிஷ், சுரண்டவே தேவையில்லை. கறுப்பில் பாதி வெறும் அழுக்கும் கை எண்ணெயும்தான். முதலில் டர்பன்டைன் துணியால் துடைத்தெடுங்கள். சாண்டர் போட்டால் சட்டத்து விளிம்பின் கூர்மை போய்விடும், பல வருடம் ஏறிய தேன் நிறமும் சேர்ந்து போகும். அந்த நிறத்தை எந்தச் சாயத்தாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

புதுப் பாலிஷுக்கு 100 கிராம் அவலரக்கு (அவல் மாதிரி செதில் செதிலாக இருக்கும் அரக்கு), அரை லிட்டர் ஸ்பிரிட், கண்ணாடி பாட்டிலில் ஒரு இரவு ஊறட்டும். இரும்பு டப்பா வேண்டாம், கலவை கறுக்கும். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுப் பாருங்கள். மறுநாளும் பிசுபிசுத்தால் அரக்கு பழசு, கொட்டிவிடுங்கள்.

பஞ்சைப் பழைய பருத்தித் துணியில் பொதிந்து, ஓடும் கையோடு மரத்தில் இறக்கி, ஓடும் கையோடு எடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் கீழே இருக்கும் பூச்சு இளகித் துணியோடு உரிந்து வரும். மெல்லிசாக ஆறேழு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை மணி. மழை நாளில் ஆரம்பிக்காதீர்கள், ஈரம் சிக்கி வெண்மை பூக்கும். அடுப்பு, விளக்கு பக்கத்தில் ஸ்பிரிட் கூடவே கூடாது.

பின்னல்காரர்:
பிரம்பு வாங்கும் முன் சட்டத்துத் துளைகளை அளந்துகொள்ளுங்கள். துளை 6 மி.மீ., துளைக்குத் துளை 19 மி.மீ. என்றால் 3 மி.மீ. பிரம்பு சரி. இருபது நிமிடம் சாதா தண்ணீரில் ஊறவைத்து, பளபளப்புப் பக்கம் மேலே வரும்படி பின்னுங்கள். முழு பலத்தோடு இழுக்க வேண்டாம், காயும்போது தானே இறுகும். அடிப்பக்கம் வார்னிஷ் அடிக்காதீர்கள். கோடையில் எப்போதாவது அந்தப் பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தால் உலர்ந்து முறியாது.

வைகைக்கரை:
நன்றி. ஸ்பிரிட் வைத்துப் பார்த்தேன். கைப்பிடியில் பழுப்பாகக் கரைகிறது, கால்களில் ஒன்றுமே ஆகவில்லை.

அவலரக்கு:
அப்படியென்றால் கால்களுக்கு மட்டும் பிற்காலத்தில் யாரோ வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். கால்களுக்கு மட்டும் பெயிண்ட் ரிமூவர் தடவி, மரச்சீவலால் இழை போகும் திசையில் வழித்தெடுங்கள், இரும்புத் தகடு கோடு போடும். தின்னரால் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, 220 உப்புத்தாளைக் கையாலேயே ஓட்டுங்கள். கால் கைப்பிடியைவிட வெளிறித் தெரியும். அங்கே இரண்டு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள்.