புதுப்பிப்பு: பொன்னிறமான செபமாலை

ஆயித்தியமலை மாதா கோயில் திருவிழாவுக்கு மட்டக்களப்பிலிருந்து நடந்து போய் வந்த பிறகு, அம்மா விட்டுப்போன வெள்ளிச் செபமாலையின் சங்கிலி பொன்னிறமாகியிருந்தது, இது சதா சகாய மாதா தந்த அடையாளமோ என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் கேட்டபடியால் மிச்சக் கதை.

போன கிழமை தெரிந்த நகை வேலைக்கார ஐயாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மணி மணியாகத் தள்ளிப் பார்த்தார். "இது வெள்ளி இல்ல மகன். பித்தளைக்கு மேல வெள்ளி முலாம். விரல் பட்டுப் பட்டுத் தேஞ்சிருக்கு." அப்புறம் காட்டினார்: செபம் சொல்லிச் சொல்லித் தள்ளுகிற ஐந்து பத்து மணிகளில், முதல் மூன்று பத்தில் நல்ல மஞ்சள், நான்காவதில் திட்டுத் திட்டாக, ஐந்தாவது இன்னும் வெள்ளை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் நான்காவதில் தூங்கிவிடுகிற ஆள். அம்மாவும் அப்படித்தான்.

அப்படியென்றால் முன்பே மஞ்சளாகத்தான் இருந்திருக்கும். நடந்த வழியில் வலையிறவுப் பாலத்து வெயிலில்தான் கவனித்திருக்கிறேன்.

பங்குச் சுவாமி சிரித்தார். இப்படியான அதிசயங்களை ஆராய 2024 மே மாதம் வத்திக்கான் புதிய நெறிமுறைகள் வெளியிட்டதையும், 'இது இயற்கைக்கு அப்பாற்பட்டது' என்று இனி வழக்கமாக அறிவிப்பதில்லை என்பதையும் சொன்னார். என்னுடைய கேஸ் அவ்வளவு தூரம் போகாதாம்.

ஏமாற்றமா? கொஞ்சம். ஆனால் அந்தத் தேய்மானத்தில் பாதி அம்மாவின் விரல். புது முலாம் பூசட்டுமா என்று ஐயா கேட்டார், வேண்டாம் என்றேன்.

இப்போது செபமாலையைப் படுத்துக்கொண்டு சொல்வதில்லை, கதிரையில் இருந்துதான். நேற்றும் நான்காவதில் கண் சொருகிவிட்டது.