வலது ஏட்ரியம்: டொடாரோ நாணை எப்படிக் காட்டுகிறீர்கள்?

அனாட்டமி நண்பர்களுக்கு வணக்கம். முதலாமாண்டு டிசெக்‌ஷனுக்கு ஒரு யோசனை வேண்டும்: இதயத்தின் வலது ஏட்ரியத்தில் (மேலறை) டொடாரோ நாண் என்ற மெல்லிய நார்ப்பட்டையைக் காட்டுவது எப்படி என்று.

ஏட்ரியத்தின் வெளிப்புறப் பள்ளமான சல்கஸ் டெர்மினாலிஸுக்குச் சற்று முன்னால், எஸ்விசி (மேற்பெருஞ்சிரை) வாயிலிருந்து ஐவிசி (கீழ்ப்பெருஞ்சிரை) வரை வெட்டி, மேல் முனையிலிருந்து ஆரிக்கிள் (ஏட்ரியத்தின் காது போன்ற நீட்சி) நுனிக்கு இன்னொரு வெட்டு போடுகிறோம். மடலை முன்னால் புரட்டி, உறைந்த ரத்தத்தைக் கழுவினால் போதும். வெட்டு பின்னால் நகர்ந்தால் உட்புறத் தசைமேடான கிரிஸ்டா டெர்மினாலிஸ் பிளந்துவிடும். கத்தரியை ஐவிசிப் பக்கம் அதிகம் இறக்கினால் ஐவிசி வாயிலுள்ள மடிப்பான யூஸ்டேகியன் வால்வு போச்சு. மாணவர்கள் கெடுப்பது பெரும்பாலும் இதைத்தான்.

இரு ஏட்ரியங்களின் இடைச்சுவரிலுள்ள குழியான ஃபாஸா ஓவாலிஸில் தொல்லையில்லை. இடது ஏட்ரியத்துக்குள் பேனா டார்ச்சை வைத்தால் அதன் மெல்லிய தரை பளிச்சென்று தெரியும். லிம்பஸின் (குழியைச் சுற்றிய மேடு) மேல்விளிம்புக்கு அடியில் ப்ரோபை நுழைத்தால், சுமார் 4 இதயங்களுக்கு ஒன்றில் அது இடப்பக்கம் வழுக்கிப் போகும்.

சிக்கல் கோக் முக்கோணம். கரோனரி சைனஸ் (இதயத்தின் சொந்தச் சிரை) வாய் கண்ணுக்குத் தெரிகிறது, டிரைகஸ்பிட் வால்வின் செப்டல் (இடைச்சுவர்ப் பக்க) இதழின் ஒட்டுமிடமும் தெரிகிறது. மூன்றாவது எல்லையான டொடாரோ நாண்தான் பிடிபடவில்லை. துடிப்புச் சைகையைக் கீழறைகளுக்குக் கடத்தும் ஏவி நோடு இருக்கும் முனையைச் சுட்டவே அது தேவை. பதப்படுத்தாத இதயத்தில் யூஸ்டேகியன் வால்வை இழுத்துப் பிடித்தால் எண்டோகார்டியத்துக்கு (இதயத்தின் உள்ளுறை) அடியில் விடைத்து எழும். ஃபார்மலினில் விறைத்துப்போனதில் அசைவே இல்லை.

எண்டோகார்டியத்தை உரித்துக் காட்டுகிறீர்களா? எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது? தீல் முறையில் (திசு மென்மையாகவே இருக்கும்படி) பதப்படுத்தியவற்றில் இழுத்தால் எழுகிறதா? யூஸ்டேகியன் வால்வு அநேகமாக இல்லாத இதயங்களில் எதை அடையாளமாகக் கொள்கிறீர்கள்? அளவுகோல் வைத்து எடுத்த படம் இருந்தால் போடுங்கள்.