ச எங்கே இருக்கிறது? பிளவு விசைப்பலகையில் தமிழ் எழுதுவோர் அனுபவங்கள்

மொழிபெயர்ப்பாளர், மதுரை

இரண்டாகப் பிரிந்த மெக்கானிக்கல் விசைப்பலகை வாங்க நினைப்பவர்கள் விசைக்கு அடியில் இருக்கும் சுவிட்சின் நிறத்தையும் விசையின் மூடியான கீகேப்பின் அழகையும் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் ச எங்கே இருக்கிறது?

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு 26 எழுத்து போதும். அதனால் பிளவு விசைப்பலகை வடிவமைப்பாளர்கள் ஓரத்து விசைகளைத் தயங்காமல் வெட்டி எறிகிறார்கள். தமிழ் 99 என்ற விசை அமைப்பில் எழுதும் நமக்கு அந்த ஓரத்தில்தான் குடித்தனம். அரைப்புள்ளி விசையில் ந. மேற்கோள்குறியில் ய. சாய்கோட்டில் ழ, அது இல்லாமல் 'தமிழ்' என்றுகூட எழுத முடியாது. சதுர அடைப்புக்குறிகள் இரண்டில் திறப்பது ச, மூடுவது ஞ. வலது சுண்டுவிரல் இத்தனை எழுத்துகளைச் சுமக்கிறது என்பது, அந்த விசைகள் இல்லாத பலகையைப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

நான் பயன்படுத்துவது கோர்னே. ஜப்பானிய வடிவமைப்பாளர் ஒருவர் திறந்த மூலமாக வெளியிட்டது. பாதிக்கு மூன்று வரிசை, ஆறு நெடுவரிசை, கட்டைவிரலுக்கு மூன்று விசை, மொத்தம் 42. எண் வரிசை கிடையாது. சதுர அடைப்புக்குறிகளும் முதல் அடுக்கில், அதாவது வேறு விசை எதையும் பிடிக்காமல் தட்டும்போது வருவதில், கிடையாது. வலப்பக்க மேல் மூலையில் பேக்ஸ்பேஸ் உட்கார்ந்திருக்கும். நான் பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்கு இறக்கிவிட்டு அந்த மூலையை ச-வுக்குக் கொடுத்தேன். பேக்ஸ்பேஸுக்கு அதுவே நல்ல இடம். அடிக்கடி அழிக்கிறவர்களுக்கு இன்னும் நல்ல இடம். ஞ-வுக்குத் தனி விசை மிஞ்சவில்லை. ண, ச இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஞ வருமாறு அமைத்திருக்கிறேன். 'கொஞ்சம்' எழுதும்போது மட்டும் விரல்கள் ஒரு கணம் நின்று யோசித்தன. இப்போது அதுவும் பழகிவிட்டது. இதையும்விடச் சிறிய, பாதிக்கு ஐந்து நெடுவரிசை மட்டும் உள்ள பலகைகளில் ய-வும் காணாமல் போய்விடும். தமிழ் 99 எழுதுகிறவர் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கட்சி.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், தமிழ் 99-ஐப் பார்த்துச் செய்ததுபோல இந்த வடிவம் பொருந்துகிறது. 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய அந்த அமைப்பில் உயிர் எழுத்துகளும் புள்ளியும் இடக்கையில். மெய்கள், வ, ங தவிர, வலக்கையில். 'பாடுகிறேன்' என்று எழுதிப் பாருங்கள். பத்து அழுத்தம், வலம், இடம், வலம், இடம் என்று கடைசிவரை மாறி மாறி வரும். ஒரு கை அழுத்தும்போது மறு கை அடுத்த விசைக்குத் தயாராகிவிடுகிறது. இரண்டு பாதிகளையும் தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்தபின் இப்படி மாறி மாறி அடிப்பது தெளிவாகக் கையில் தெரிகிறது. 'அவ்வை' என்று எழுதினால் மட்டும் நான்கு அழுத்தமும் இடக்கைக்கே. வலக்கை காப்பி குடிக்கலாம்.

சட்ட ஆவணங்கள் மொழிபெயர்ப்பவள் நான். தேதி, தொகை, பிரிவு எண் எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் வரும். எண் வரிசை இல்லாதது இன்னும் எனக்கு எரிச்சல்தான். அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

மென்பொருளாளர், பெங்களூர்

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். விசைப்பலகை கணினிக்கு அனுப்புவது எழுத்தை அல்ல, விசையின் குறியெண்ணை. அது க-வா எச்-ஆ என்று தீர்மானிப்பது இயங்குதளம். ஆகவே தமிழ் எழுதத் தனி விசைப்பலகை தேவையில்லை. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. நான் ஆங்கிலத்துக்கு, எழுத்துகளை வேறு இடங்களில் வைக்கும் கோல்மாக் அமைப்பைப் பயன்படுத்துகிறேன். அதை விசைப்பலகைக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே எழுதி வைத்திருந்தேன். தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுத்ததும் எழுத்துகள் எல்லாம் இடம் மாறிச் சிதறின. விசைப்பலகை முதலில் ஒருமுறை மாற்றுகிறது, அதன்மேல் இயங்குதளம் இன்னொரு முறை மாற்றுகிறது; வேறு என்ன நடக்கும்? தமிழுக்கென்று சாதாரண குவெர்ட்டி அடுக்கு ஒன்றைத் தனியாக வைத்து, ஒரு கட்டைவிரல் விசையில் மொழி மாற்றத்தையும் அடுக்கு மாற்றத்தையும் ஒன்றாகக் கட்டிய பிறகு சரியாயிற்று.

இன்னொரு விஷயம். பிளவு விசைப்பலகைக்காரர்கள் பலரும் பரிந்துரைக்கும் உத்தி, நடுவரிசை விசைகளுக்கு இரட்டை வேலை கொடுப்பது: தட்டினால் எழுத்து, அழுத்திப் பிடித்தால் கன்ட்ரோல் அல்லது ஷிஃப்ட். க்யூஎம்கே ஃபர்ம்வேரில் தட்டலுக்கும் பிடித்தலுக்கும் இடையிலான எல்லை இயல்பாக 200 மில்லி விநாடி. ஆங்கிலத்தில் எனக்கு ஒத்துப்போனது. தமிழ் 99-இல் இடது ஆட்காட்டி விரலின் கீழே இருப்பது புள்ளி. எழுத்துக்கு எழுத்து வரும் புள்ளி. வேகமாக எழுதும்போது அது ஷிஃப்ட் ஆகிவிட்டால் 'வந்தான்' என்பவன் 'வந்தான' ஆகி நிற்பான். தமிழ் அடுக்கில் அந்த இரட்டை வேலையை முழுக்க எடுத்துவிட்டேன்.

ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தமிழ் அடிக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுகிறவர்களுக்குச் சிக்கல் வேறு. அஞ்சல் என்ற அந்த வகை முறையில் ண, ள, ற எல்லாவற்றுக்கும் ஷிஃப்ட் வேண்டும். சாதாரணப் பலகையில் அது முழுவதும் சுண்டுவிரல் உழைப்பு. என் மனைவி அப்படித்தான் எழுதுகிறார். அவருக்கு ஷிஃப்டைக் கட்டைவிரலுக்கு மாற்றிக் கொடுத்தேன். என் விசைப்பலகைப் பைத்தியத்தில் அவர் பாராட்டிய ஒரே விஷயம் அதுதான்.

ஓய்வுபெற்ற தட்டச்சுப் பயிற்றுநர், தஞ்சாவூர்

பேத்தி வாங்கிய பலகை வீட்டில் இருக்கிறது. பார்த்த அன்று, யாரோ உடைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். உட்கார்ந்து அடித்துப் பார்த்தபோது எனக்கு அதிகச் சிரமம் இல்லை. காரணம் எளிது. இன்ஸ்டிடியூட்டில் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று இடக்கையையும் 'அரைப்புள்ளி எல் கே ஜே எச் ஜே' என்று வலக்கையையும் மணிக்கணக்காக அடிக்க வைத்த காலத்தில், பி (B) விசை இடக்கைக்கு, ஒய் விசை வலக்கைக்கு என்பது விரலில் ஏறிவிட்டது. பேத்தியோ தானே கற்றவள். பி விசையை வலது ஆட்காட்டி விரலால் அடிப்பவள். பிளவுக்கு மேலே விரல் போய் வெறும் மேசையைக் குத்தியது. தமிழ் 99-இல் அந்த இடத்தில் ங இருக்கிறது என்கிறாள். 'நாங்கள், நீங்கள், அவர்கள் வாங்கினார்கள்' என்று நானே பாடம் எழுதிக் கொடுத்து அடிக்க வைத்தேன். இப்போது ங சரியான கையில் வருகிறது. ரெமிங்டன் தட்டச்சு இயந்திரம் இல்லாமல் போனாலும் என் வேலை போகவில்லை.

இளைஞர்கள் பலருக்குத் தெரியாதது ஒன்று. சாதாரண விசைப்பலகையில் வரிசைகள் ஒன்றுக்கொன்று சற்று விலகிச் சாய்வாக இருப்பது விரலின் வசதிக்காக வந்ததல்ல. தட்டச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு விசையின் அடியிலும் ஒரு நெம்புகோல் பின்னோக்கி ஓடும். ஒன்றின்மேல் ஒன்று இடிக்காமல் இருக்க விசைகளைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். நெம்புகோல் போய்விட்டது, சாய்வு மட்டும் தங்கிவிட்டது. பேத்தியின் பலகையில் விசைகள் நெடுவரிசையாக, நடுவிரலுக்கு மேலே தூக்கியும் சுண்டுவிரலுக்குக் கீழே இறக்கியும் இருக்கின்றன. விரல் நேராக மேலும் கீழும் போனால் போதும். கையின் வடிவத்துக்கு ஏற்ப விசைகளை வைக்கும் யோசனை புதிதல்ல. 1970-களிலேயே இங்கிலாந்தில் லிலியன் மால்ட், பொறியாளர் ஸ்டீஃபன் ஹாப்டேவுடன் சேர்ந்து, இரண்டு குழிவான பாதிகள் கொண்ட மால்ட்ரான் விசைப்பலகையை உருவாக்கினார். அந்த அம்மையார் தட்டச்சுப் பயிற்சித் துறைக்காரர். இதை எழுதும்போது எனக்குச் சிறிது பெருமைதான்.

சத்தமே வராத சுவிட்சு எனக்குப் பிடிக்கவில்லை. எழுத்து விழுந்ததா இல்லையா என்று காது சொல்ல வேண்டாமா?

இயன்முறை மருத்துவர், கோவை

மணிக்கட்டு வலியோடு வருகிறவர்களில் சிலர் இப்போது விசைப்பலகையையும் வாங்கிவிட்டே வருகிறார்கள். தவறில்லை; ஆனால் அது மருந்து அல்ல. பிளவு செய்வது மூன்று காரியம். பாதிகளைத் தள்ளி வைத்தால் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் வளையாது. உட்பக்கத்தைத் தூக்கி வைத்தால் முன்கை முழுவதும் கவிழ்ந்திருக்க வேண்டியதில்லை. தோள் முன்னால் குவியாமல் விரிந்து நிற்கும். இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சாதாரண விசைப்பலகைகளின் பின்னால் இருக்கும் குட்டிக் கால்களை மடக்கி வையுங்கள். அவை மணிக்கட்டை மேல்நோக்கி ஒடிக்கின்றன. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

என்னிடம் வந்த பெண் ஒருவர் விலை உயர்ந்த, கிண்ணம்போல் குழிந்த பலகை வாங்கி, அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வேலை பார்த்தார். குள்ளமானவர். முழங்கையைவிட மேசை உயரம். விசைப்பலகையின் உயரம் அதன்மேல். தோளைத் தூக்கிக்கொண்டே நாள் முழுவதும் எழுதினால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? நாற்காலியை உயர்த்தி, காலுக்குக் கீழே ஒரு பலகை போட்டோம். வலி குறைந்ததற்கு விசைப்பலகைக்குப் பாதிப் புகழ், அந்த மரப்பலகைக்குப் பாதிப் புகழ்.

மரத்துப்போதல் இருந்தால் எந்த விரல் என்று கவனியுங்கள். கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் ஒரு பாதி என்றால் மணிக்கட்டில் நடு நரம்பு அழுத்தப்படலாம். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறு பாதியும் என்றால் பெரும்பாலும் முழங்கையில் தேட வேண்டும். இரண்டுக்கும் முதலில் மருத்துவர், பிறகுதான் கடை.

கணக்காளர், சிங்கப்பூர்

நான் வாங்கி விற்றவன். பொருளில் குறை இல்லை. எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் நிரந்தர மேசை கிடையாது. தினமும் காலையில் இரண்டு பாதி, இரண்டு கம்பி, தாங்கிகள் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பி, மாலையில் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. அதோடு எண்பலகை இல்லாமல் கணக்கு எழுதுவது எனக்கு ஆகவில்லை. இப்போது 1994-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த பாணியில், நடுவில் வளைந்து பிரிந்தும் ஒரே உடலாக இருக்கும் வகையைப் பயன்படுத்துகிறேன். கோணம் கிடைக்கிறது, அகலம் கிடைப்பதில்லை. எனக்குப் போதும்.

பொறியியல் மாணவர், திருச்சி

நான் கோர்னேவைத் தனித்தனிப் பாகமாக வாங்கி நானே பற்றவைத்தேன். விசைக்கு ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சிறு பாகம்), ஆக 42. டயோடின் ஒரு முனையில் கோடு இருக்கும். அது எந்தப் பக்கம் என்று பலகையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வைக்க வேண்டும். திருப்பி வைத்தால் அந்த ஒரு விசை மட்டும் மௌனம். சுவிட்சை நேரடியாகப் பற்றவைக்காமல் சாக்கெட் வைத்தால், பிடிக்காத சுவிட்சைப் பிடுங்கி வேறு போடலாம். தட்டையான சாக் (முதல் பதிப்பு) சுவிட்சும் வழக்கமான எம்எக்ஸ் சுவிட்சும் ஒரே கீகேப்பை ஏற்காது என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

முக்கியமானது: இரு பாதிகளையும் இணைக்கும் 3.5 மி.மீ. கம்பியை, யுஎஸ்பி செருகியிருக்கும்போது பிடுங்கவோ செருகவோ கூடாது. ஹெட்ஃபோன் கம்பி மாதிரியே இருப்பதால் கை தானாகப் போகும். செருகும் வழியில் முனைகள் ஒன்றோடொன்று உரசிக் குறுக்குச்சுற்று ஏற்பட்டு உள்ளே இருக்கும் சில்லு போய்விடக்கூடும். விடுதி அறையில் என் நண்பர்கள் கைவைப்பதற்கு முன்பே இதைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன்.

எனக்கு ஒரு கேள்வி. நிரலும் எழுத வேண்டும், வலைப்பூவில் தமிழும் எழுத வேண்டும். அடுத்து வாங்கினால் எத்தனை விசை?

மொழிபெயர்ப்பாளர், மதுரை

தம்பி, 58 விசை உள்ள லிலி58 வகையைப் பாருங்கள். எண் வரிசை உண்டு. நானும் அடுத்து அதற்குத்தான் போகப்போகிறேன். அதன் இயல்பு அமைப்பில் திறக்கும் சதுர அடைப்புக்குறி இடப் பாதியின் உள் ஓரத்தில், பி (B) விசைக்குப் பக்கத்தில் இருக்கும். மூடுவது வலப் பாதியின் உள் ஓரத்தில். அப்படியே விட்டால் ச இடக்கைக்குப் போய்விடும். 'செய், சொல், சிறு' எல்லாவற்றிலும் முதல் இரண்டு அழுத்தமும் ஒரே கையில் தொடர்ந்து விழும். மாறி மாறி அடிக்கும் சுகம் போய்விடும். ண விசைக்கு வலப்பக்கத்தில் கழித்தல் குறி இருக்கும். அதையும் ச-வையும் இடம் மாற்றிவிடுங்கள். ஞ வலது உள் ஓரத்திலேயே இருக்கட்டும், ஆட்காட்டி விரலுக்கு எட்டும்.

ஆறு நெடுவரிசையோடு நிற்காமல் 76 விசை எர்கோடாக்ஸ் வரை போவதென்றால் உங்கள் கை பெரியதா என்று முதலில் பாருங்கள். அதன் கட்டைவிரல் கொத்து எனக்கு எட்டவில்லை. சுவிட்சுக்குத் தஞ்சாவூர் ஐயாவின் பேச்சைக் கேட்காதீர்கள். விடுதியில் கிளிக் சத்தம் போடும் நீல சுவிட்ச் போட்டால் அறைத்தோழன் பலகையை மூன்றாகப் பிளந்துவிடுவான். லேசாக இறங்கும் சிவப்போ பழுப்போ போதும். கீகேப்பில் தமிழ் எழுத்து தேடி அலைய வேண்டாம். தமிழ் 99 வரைபடத்தை அச்சிட்டுத் திரைக்குக் கீழே ஒட்டிக்கொள்ளுங்கள். குனிந்து விசையைப் பார்க்கும் பழக்கமும் அதோடு போகும்.