ஆல்ட்டோ சாக்ஸபோனில் 4சி-க்கு அடுத்து எந்த மவுத்பீஸ்? தோடி காந்தாரம் வரமாட்டேன் என்கிறது

தோடிப்பித்தன்:
எல்லோருக்கும் வணக்கம். யமஹா ஒய்ஏஎஸ்-280 ஆல்ட்டோவில் கர்நாடக சங்கீதம் கற்றுவருகிறேன். வர்ணங்கள் முடிந்து கீர்த்தனைகள் போய்க்கொண்டிருக்கின்றன. சாக்ஸில் 'சி' பிடிக்கும் இடம்தான் எனக்கு ஷட்ஜம், அதாவது 2½ கட்டை சுருதி. கருவியோடு வந்த 4சி மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் முனை), வாண்டோரன் நீலப்பெட்டி 2½ ரீட் (மவுத்பீஸில் கட்டும் நாணல் பட்டை, எண் அதன் கனம்), இதுவரை இவைதான்.

மோகனம், ஹம்ஸத்வனி எல்லாம் சுத்தமாக வருகின்றன. தோடி ராகத்தின் காந்தார சுரத்தைக் கமகத்தோடு அசைக்கப் போனால்தான் சிக்கல். உதட்டைத் தளர்த்தினால் சுரம் கொஞ்சம் இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது, இன்னும் தளர்த்தினால் ஒலி உடைந்து கீச்சென்கிறது. தார ஷட்ஜத்துக்கு மேலே போனால் நாதம் மெலிந்துவிடுகிறது. அடுத்த மாதம் அத்தான் சிங்கப்பூரிலிருந்து வருகிறார், ஒரு மவுத்பீஸ் வாங்கிவரச் சொல்லலாம் என்றிருக்கிறேன். செல்மர் எஸ்80 சி ஸ்டார், மேயர் 5, அல்லது ஏதாவது மெட்டல், இவற்றில் எது? கல்யாணக் கச்சேரிகளில் தவிலோடு சேர்ந்து வாசிக்கவும் வேண்டும், அதனால் சத்தமும் வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கார்க் கிரீஸ்:
தம்பி, பிராண்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் டிப் ஓப்பனிங்கைப் பாருங்கள். ரீடின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அது. உங்கள் 4சி-யில் 1.60 மி.மீ., சி ஸ்டாரில் 1.70, மேயர் 5-இல் ஏறக்குறைய 1.80. பத்தில் ஒரு மி.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் உதட்டுக்கு நன்றாகவே தெரியும். இடைவெளி கூடக்கூட சுரத்தை வளைக்க இடம் கிடைக்கும், கூடவே மூச்சும் அதிகம் கேட்கும், சுருதியைப் பிடித்து நிறுத்தும் வேலையும் உங்கள் தலையில் விழும். அதனால் 4சி-யிலிருந்து ஒரேயடியாக 7, 8 நம்பர் போன்ற அகலமான நுனிகளுக்குத் தாவ வேண்டாம். நுனி விரியும்போது ரீடை அரை நம்பர் குறைக்க வேண்டியும் வரலாம். பழைய கனத்திலேயே ஊதினால் ஒலியில் காற்று கலக்கும், கீழுதட்டைக் கடிக்கத் தொடங்கிவிடுவீர்கள், அப்புறம் கமகம் எங்கிருந்து வரும்?

அடுத்தது ஃபேசிங், ரீடை விட்டு மவுத்பீஸ் விலகத் தொடங்கும் இடத்திலிருந்து நுனி வரை உள்ள வளைவு. இதை இன்றைக்கே பார்த்துவிடலாம். ரீடைக் கட்டிவிட்டு ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே நுனிப்பக்கமிருந்து ஒரு மெல்லிய தாளை விடுங்கள், அது தட்டி நிற்கும் இடத்தில் ரீடின் மேல் பென்சிலால் லேசாக ஒரு கோடு போடுங்கள். கீழுதடு ஏறக்குறைய அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். மாணவர்களில் பலர் அதற்கு வெகு முன்னாலேயே, நுனியில், வாயை வைத்து ஊதுகிறார்கள். ரீடின் பாதி அசையாமலே கிடக்கும். நீங்கள் சொல்கிற இரண்டு குறையும், மேலே போனால் மெலிவதும் கீழே வளையாததும், இதனாலேயே வரும். மவுத்பீஸ் வாங்கும் முன் வாயை அந்தக் கோட்டுக்குக் கொண்டுபோய்ச் சில நாள் நீண்ட சுரம் ஊதிப் பாருங்கள்.

நாயனக்காரர் பேரன்:
கார்க் கிரீஸ் அண்ணா சொன்னது சரி. நான் நாகஸ்வரத்திலிருந்து சாக்ஸுக்கு வந்தவன், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். நாயனத்தில் சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல்) முழுக்க உதட்டின் ஆளுகையில் இருக்கும், ஒரே துளையில் உதட்டையும் மூச்சையும் கொண்டே சுரத்தை இழுத்துவிடலாம். சாக்ஸில் ரீடுக்கு ஒரு பக்கம் கெட்டியான மவுத்பீஸ் நிற்கிறது, அதனால் உதட்டுக்குக் கிடைக்கும் சுதந்திரத்தை அந்த வளைவும் நுனியும்தான் தீர்மானிக்கின்றன.

ஆனால் தோடி காந்தாரத்தை உதட்டால் மட்டும் அசைக்கப் பார்த்தால் எந்த மவுத்பீஸிலும் வராது. சாக்ஸில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத் சாரின் பதிவுகளைக் கவனித்துக் கேளுங்கள். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸைக் கேட்டு அதில் மனம் போன அவர், கருவியிலேயே மாற்றம் செய்துதான் இந்தச் சங்கீதத்தை அதில் கொண்டுவந்தார், 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் வரை கொண்டுபோனார். விரல் சாவியை மெதுவாகத் தூக்குவதும் உதடு தளர்வதும் தொண்டை திறப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும். மத்தியமத்திலிருந்து காந்தாரத்துக்கு வரும்போது சாவியைச் சட்டென்று மூடாமல் அதன் பேடு (துளையை அடைக்கும் மெத்தை) துளையைத் தொடும் தூரம் வரை நிதானமாக இறக்குங்கள், மீதியை உதடு பார்த்துக்கொள்ளும்.

என் ஓட்டு மேயர் 5-க்கு, நடுத்தர சேம்பர் (மவுத்பீஸின் உள்ளறை) உள்ளது. சி ஸ்டாரில் நாதம் அழகாகத் திரண்டு வரும், கீர்த்தனைக்கு ஒரு கண்ணியம் இருக்கும், ஆனால் வளைக்கப் போனால் கொஞ்சம் அடம்பிடிக்கும். மேயர் விட்டுக்கொடுக்கும்.

மண்டபம் மைக்செட்:
நான் மெல்லிசை பக்கம். தவிலோடு வாசிக்கப் போகிறேன் என்று சொன்னதால் எழுதுகிறேன். உயர்ந்த பேஃபிள் வைத்த மெட்டல் மவுத்பீஸில் சத்தம் கத்தி மாதிரி கிழித்துக்கொண்டு போகும், அது உண்மை. பேஃபிள் என்பது நுனிக்கு உள்ளே, ரீடுக்கு எதிரே இருக்கும் கூரை. அது ரீடுக்கு நெருக்கமாக இருந்தால் காற்று வேகமாகப் போய் ஒலி பளிச்சென்று வரும். டூகாஃப் கம்பெனி மவுத்பீஸ்கள் போன்றவை அந்த வகை, சாக்ஸ் கலைஞர் டேவிட் சான்பார்ன் வாசித்த அந்தக் கூர்மையான ஆல்ட்டோ ஒலிக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஆலாபனையில் அடக்கி வாசிக்க வேண்டிய இடத்தில் அது அடங்காது. தவில் சத்தத்துக்கு மைக் இருக்கிறது, தம்பி. சாக்ஸின் விரிந்த மணி வாய்க்குள் மைக்கைத் திணிக்காமல், கொஞ்சம் தள்ளி, சாவிகளின் பக்கம் பார்த்த மாதிரி வைக்கச் சொல்லுங்கள். கீழ் சுரமும் மேல் சுரமும் சமமாகக் கேட்கும்.

தோடிப்பித்தன்:
மிக்க நன்றி. பென்சில் கோடு போட்டுப் பார்த்தேன், என் உதடு அதற்கு நல்ல தூரம் முன்னால்தான் இருந்தது. கோட்டுக்குக் கொண்டுபோனதும் மேல் ரிஷபம் இப்போதே கொஞ்சம் தடித்துக் கேட்கிறது. இருந்தாலும் அத்தான் வரும் வாய்ப்பை விட மனமில்லை. மெட்டலா ரப்பரா என்பதில் நாதம் மாறுமா? அத்தானுக்கு வாசிக்கத் தெரியாது, கடையில் எதைப் பார்த்து வாங்கச் சொல்வது?

கார்க் கிரீஸ்:
பொருளைவிட உள்ளே குடைந்திருக்கும் வடிவம்தான் பெரும்பாலும் பேசும். மெட்டலில் பல மாடல்கள் மெலிதாக, உயர்ந்த பேஃபிளோடு வருவதால் மெட்டல் என்றாலே பளிச் என்று பேர் வந்துவிட்டது. ஜாஸ் மேதை கோல்ட்ரேன் டெனரில் (ஆல்ட்டோவைவிடப் பெரிய சாக்ஸ்) வாசித்த ஆட்டோ லிங்க் மவுத்பீஸும் மெட்டல்தான், அந்த நாதம் எவ்வளவு கனம் என்று கேட்டாலே தெரியும். சேம்பர் பெரிதாக இருந்தால் ஒலி உருண்டு இருட்டாக வரும், சின்னதானால் குவிந்து கூர்மையாக வரும். சாக்ஸபோனைக் கண்டுபிடித்த அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் அதற்குக் காப்புரிமை வாங்கிய காலத்து மவுத்பீஸ்களின் உள்ளே அகலமாக, வட்டமாக இருந்தது. செவ்வியல் சாக்ஸ் கலைஞர் சிகுர்ட் ராஷர் கடைசிவரை அந்த வடிவத்துக்காகவே வாதாடினார். உங்களுக்கு அவ்வளவு பெரிதும் வேண்டாம், நடுத்தரமே போதும்.

அத்தானிடம் ஹார்ட் ரப்பர், மேயர் 5, நடுத்தர சேம்பர், ஆல்ட்டோ என்று நான்கையும் எழுதிக் கொடுங்கள். ஆல்ட்டோ என்று எழுதாவிட்டால் டெனருக்கானது வந்து சேரலாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நுனி ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: ரீட் உட்காரும் திறப்பின் இரண்டு பக்க விளிம்புகளும் (தண்டவாளங்கள்) ஒரே தடிமனாக இருக்க வேண்டும், நுனியில் நெளிவோ சிராய்ப்போ இருக்கக் கூடாது. ஒரே மாடலில் இரண்டு மூன்று இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துக்காட்டச் சொல்லி, இருப்பதில் சுத்தமானதை வாங்கட்டும்.

வந்ததும் மவுத்பீஸை மட்டும் தனியாக ஊதுங்கள். ஆல்ட்டோவில் செவ்வியல் முறையில் ஊதுபவர்களுக்கு அது பியானோவின் 'ஏ', அதாவது 6 கட்டை ஷட்ஜம் அளவில் நிற்கும். ஜாஸ்காரர்கள் தளர்வாக ஊதி 5 கட்டை வரை இறங்குவார்கள். கமகம் வாசிக்கும் உங்களுக்கும் அந்தத் தளர்வு உதவும். நெக்கில் (சாக்ஸின் வளைந்த கழுத்துக் குழாய்) செருகி, அதை மட்டும் ஊதினால் 5½ கட்டை. மவுத்பீஸ் மட்டும் 6-க்கு மேலே பறந்தால் வாய் கடிக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு நெக்கின் கார்க் உறையில் மவுத்பீஸ் நிற்க வேண்டிய இடத்தைத் தேடுங்கள். சேம்பர் பெரிதானால் இன்னும் உள்ளே தள்ள வேண்டியிருக்கும். மத்திய ஷட்ஜத்தை மட்டும் சேர்த்துவிட்டு விடாதீர்கள், மந்திரத்திலும் தாரத்திலும் ஷட்ஜம் நிற்கிறதா என்று பாருங்கள். நகர்த்தும்போது சாக்ஸில் 'பி', 'சி ஷார்ப்' பிடிக்கும் இடங்கள் போன்ற, துளைகள் திறந்து குழல் குட்டையாகும் சுரங்கள்தான் அதிகம் சுருதி விலகும். புது மவுத்பீஸ் கார்க்கில் இறுகினால் கிரீஸ் போட்டுத் திருகித் திருகி ஏற்றுங்கள், நேராக அமுக்கினால் கார்க் பிய்ந்துவரும். வெந்நீரில் மட்டும் கழுவாதீர்கள், ஹார்ட் ரப்பர் பச்சைப் பழுப்பாக மாறிக் கந்தக வாடை அடிக்கும். பச்சைத் தண்ணீரே போதும்.