தெருவாசிகள் சங்கம், கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளம்): தனியுரிமைக் குறிப்பு வரைவு

கணேசன் (செயலாளர்): அனைவருக்கும் வணக்கம். வீட்டில் இருப்போரின் பெயர், கைபேசி எண், பிறந்த தேதி, இரத்த வகை, ஆதார் நகல் ஆகியவற்றைக் கூகுள் படிவம் வழியாகத் திரட்டலாம் என்று கூட்டத்தில் பேசினோம். படிவத்தின் தலைப்பில் வைக்க வேண்டிய தனியுரிமைக் குறிப்பை எழுதியிருக்கிறேன்: "திரட்டப்படும் விவரங்கள் சங்கத்தின் தேவைகளுக்குப் பயன்படுத்தப்படும், பாதுகாப்பாக வைக்கப்படும்." திருத்தம் இருந்தால் தெரிவியுங்கள்.

செல்வி டீச்சர்: தம்பி, "சங்கத்தின் தேவைகள்" என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் அடக்கிவிடலாம் என்பதால், அதைப் படிப்பவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. எந்த விவரம், எந்தக் காரியத்துக்கு என்று தனித்தனியாக எழுத வேண்டும். இரத்த வகை அவசரத்துக்கு உதவும், அதையும் விரும்பியவர் கொடுத்தால் போதும். பிறந்த தேதி எதற்கு? பொங்கலுக்கும் ஓணத்துக்கும் பிள்ளைகளுக்குப் போட்டி வைக்க வயது தெரிந்தால் போதுமே. ஆதார் நகலுக்கு எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

கணேசன் (செயலாளர்): டீச்சர், பொள்ளாச்சிப் பக்கமிருந்து வாடகைக்கு வருகிறவர்கள் யாரென்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் ஆதாரைச் சேர்த்தோம்.

செல்வி டீச்சர்: அப்படியானால் அட்டையை நேரில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கட்டாயம் நகல் வேண்டுமென்றால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அவர்கள் இறக்கிக்கொள்ளலாம். முழு எண்ணும் நம் கையில் இருந்தால், சங்கத்துக்கு அதனால் கிடைக்கும் பயனைவிட அதைக் காக்கும் பொறுப்புத்தான் பெரிது. பொறுப்பாளர்கள் மாறும்போது பழையவரின் கைபேசியிலும் ஒரு பிரதி தங்கிவிடும்.

முருகேசன்: நம்முடையது சிறிய சங்கம். சட்டமெல்லாம் நமக்குப் பொருந்துமா, டீச்சர்?

செல்வி டீச்சர்: தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் பிறகு 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒருவர் தன் சொந்த, வீட்டுக் காரியத்துக்கு வைத்திருக்கும் விவரங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால், பதிவு செய்யாத கூட்டமைப்பையும் "நபர்" என்றே அந்தச் சட்டம் கொள்வதால், சங்கம் அந்த விலக்கில் ஒதுங்கிக்கொள்ள முடியாது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. நம்மை நம்பித்தான் அக்கம்பக்கத்தார் விவரம் தருகிறார்கள்.

மல்லிகா: அண்ணா, நானும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பு நான் குடியிருந்த தெருவில் எல்லோருடைய எண்ணையும் புத்தகமாக அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள். பிறகு என் மகளின் எண்ணுக்கு முன்பின் தெரியாதவர்கள் இரவில் அழைக்கத் தொடங்கினார்கள். கடைசியில் அவள்தான் எண்ணை மாற்ற வேண்டியிருந்தது. யாருடைய எண் யார் கண்ணில் படும் என்பது குறிப்பில் தெளிவாக இருக்க வேண்டும்.

செல்வி டீச்சர்: மல்லிகா சொல்வதை முதல் வரியாகவே வைக்கலாம். எண்கள் செயலாளரிடமும் பொருளாளரிடமும் மட்டும் இருக்கட்டும். மற்றவர்களுக்குத் தருவதானால் உரியவரைக் கேட்ட பிறகே தர வேண்டும். 18 வயது நிறையாத பிள்ளைகளின் விவரத்துக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும், கொடுத்தது போலவே எளிதாக இருக்க வேண்டும். செயலாளருக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும் என்று எழுதுங்கள். வீட்டைக் காலி செய்தவரின் விவரத்தை அழித்துவிட வேண்டும்.

முருகேசன்: என் தாயாருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும், எதிர்வீட்டு அச்சாயனுக்கு மலையாளம் மட்டும். குறிப்பை ஆங்கிலத்தில் மட்டும் வைத்தால் இருவருமே படிக்காமல்தான் ஒப்புக்கொள்வார்கள்.

செல்வி டீச்சர்: சட்டமும் இதை யோசித்திருக்கிறது. ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ அறிவிப்பைப் படிக்கும் வாய்ப்பை மக்களுக்குத் தர வேண்டும் என்கிறது. தமிழும் மலையாளமும் அந்த அட்டவணையில் இருக்கின்றன. நம் தெருவுக்கு இரண்டும் வேண்டும்.

கணேசன் (செயலாளர்): ஆதாரையும் பிறந்த தேதியையும் படிவத்திலிருந்து எடுத்துவிட்டேன். புதிய வரைவு இதோ: "உங்கள் கைபேசி எண்ணைச் செயலாளரும் பொருளாளரும் மட்டுமே பார்ப்பார்கள், உங்களைக் கேட்காமல் வேறு யாருக்கும் தரமாட்டோம். அந்த எண்ணைக் குடிநீர், மின்தடை, அவசர அறிவிப்புகளுக்கு மட்டுமே பயன்படுத்துவோம். இரத்த வகையும் பிள்ளைகளின் வயதும் தருவது உங்கள் விருப்பம். பிள்ளைகளின் விவரத்தைப் பெற்றோரே தர வேண்டும். எதையும் திருத்தவோ நீக்கவோ செயலாளருக்குச் செய்தி அனுப்புங்கள். வீட்டைக் காலி செய்த 30 நாட்களுக்குள் உங்கள் விவரம் அழிக்கப்படும்."

மல்லிகா: இப்போது என் மகளின் எண்ணையும் தருகிறேன், அண்ணா. விவரம் வெளியே கசிந்துவிட்டால் உரியவர்களுக்கு உடனே சொல்வோம் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

கணேசன் (செயலாளர்): சேர்த்துவிட்டேன். மலையாளத்தில் எழுதித் தர யாராவது முன்வந்தால், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இரண்டையும் வாசித்துவிட்டுப் படிவத்தைத் திறக்கலாம்.

முருகேசன்: மலையாளத்தை என் மனைவி எழுதித் தருவாள். எதிர்வீட்டில் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு அனுப்புகிறோம்.