பின்னறைக்குக் கூடுதல் ரேடியேட்டர்: கிளையை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி:

வணக்கம். கிழக்கு லண்டனில் பழைய வரிசை வீடு ஒன்றில் குடியிருக்கிறோம். பின்புறம் நீட்டிக் கட்டிய அறைக்கு ரேடியேட்டர் (பாய்லரின் சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகடு) வைக்காமலே விட்டுவிட்டார்கள். அப்பா அங்கேதான் படுக்கிறார். இரவு முழுவதும் மின் ஹீட்டரை ஓட்டுவது செலவாகவும் கவலையாகவும் இருக்கிறது. பாய்லர் 24 கிலோவாட் காம்பி (வீட்டைச் சூடாக்குவதோடு குழாய்க்கு உடனடிச் சுடுநீரும் தரும் வகை). ஏற்கெனவே 8 ரேடியேட்டர்கள் உள்ளன. இன்னொன்றை அது தாங்குமா? பக்கத்து அறை ரேடியேட்டரின் குழாயிலிருந்தே கிளை பிரிக்கலாமா? அறைக்குத் தட்டைக் கூரை. மூன்று பக்கமும் வெளிச்சுவர்.

பதில் 1:

பாய்லரைப் பற்றிக் கவலை வேண்டாம். காம்பியின் 24 கிலோவாட் என்பது குழாயைத் திறந்தவுடன் குளிப்பதற்குச் சுடுநீர் தருவதற்கான அளவு. சாதாரண வரிசை வீட்டைச் சூடாக்க அதில் பாதிகூடப் பெரும்பாலும் தேவைப்படாது. கவனிக்க வேண்டியது ரேடியேட்டரின் அளவைத்தான். கடையில் எழுதியிருக்கும் வாட் கணக்கு, ரேடியேட்டரின் சராசரி வெப்பம் அறையைவிட 50 டிகிரி கூடுதலாக இருக்கும்போது கிடைப்பது. பாய்லரை 55 டிகிரியில் வைத்து, நீர் 45 டிகிரியில் திரும்பினால், 20 டிகிரி அறையில் அந்த வித்தியாசம் 30 டிகிரிதான். எனவே 1000 வாட் என்று வாங்கியது ஏறக்குறைய 500 வாட்தான் தரும். எரிவாயுவை மிச்சப்படுத்தப் பாய்லரின் வெப்பத்தைக் குறைத்து வைப்பவர்கள் இதற்கேற்பப் பெரிய இரட்டைத் தகடு ரேடியேட்டரை வாங்க வேண்டும். அதற்கும் முன்னால் அந்தத் தட்டைக் கூரைக்குள் வெப்பக்காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் செலவை அங்கே செய்வதே நல்லது என்பது என் கருத்து.

பதில் 2:

கிளை எடுப்பது குழாயின் தடிமனைப் பொறுத்தது. 15 மில்லிமீட்டர் செம்புக் குழாய் ஏறத்தாழ 6 கிலோவாட் வரை சுமக்கும்; அதிலிருந்து தாராளமாகப் பிரிக்கலாம். 10 மில்லிமீட்டர் மெல்லிய குழாயாக இருந்தால் அது 2 கிலோவாட் அளவுக்கே போதும். ஏற்கெனவே ஒரு ரேடியேட்டருக்கு ஊட்டும் குழாயின் நுனியில் இன்னொன்றைத் தொங்கவிட்டால் இரண்டுமே அரைகுறையாகத்தான் சூடேறும். வீடு முழுவதும் ஒரே வளையமாகச் சுற்றும் ஒற்றைக் குழாய் முறையா என்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய வீடுகளில் அது உண்டு, அங்கே இணைக்கும் விதமே வேறு.

கேட்டவர்:

மிக்க நன்றி. பார்த்தேன்; ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் இரண்டு குழாய்கள் வருகின்றன, ஆனால் சுவரிலிருந்து இறங்குபவை 10 மில்லிமீட்டர்தான்.

பதில் 2:

அப்படியானால் மாடித் தரைப்பலகைக்கு அடியில் எங்கேனும் அவை தடிமனான குழாயிலோ மேனிஃபோல்டிலோ (பல குழாய்கள் பிரியும் பொது இணைப்பு) சேரும். கிளையை அங்கிருந்து 15 மில்லிமீட்டரில் புதிதாக இழுத்து வருவதே சரி. ஆறிக் கிடக்கும் நிலையில் ஹீட்டிங்கைப் போட்டுத் தொட்டுப் பார்த்தால், முதலில் சூடேறுவது நீர் போகும் குழாய், மற்றது திரும்பும் குழாய். புதிய கிளையின் இரண்டு முனைகளும் இந்த இரண்டில் ஒவ்வொன்றிலும் சேர வேண்டும்.

பதில் 3:

வேலை முடிந்தபின் செய்ய வேண்டியதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீரை வடித்தால் அதிலிருந்த துருத்தடுப்பு மருந்தும் போய்விடும்; திரும்ப நிரப்பும்போது புட்டியில் சொன்ன அளவுக்கு ஊற்றுங்கள். எல்லா ரேடியேட்டரிலும் காற்றை வெளியேற்றி, நீர் குளிர்ந்த நிலையில் அழுத்தமானி 1 முதல் 1.5 பார் வரை காட்டும்படி வைக்க வேண்டும். பிறகு பாய்லருக்கு அருகிலுள்ள ரேடியேட்டர்களின் லாக்ஷீல்ட் வால்வுகளை (ஒவ்வொரு ரேடியேட்டரிலும் ஓடும் நீரின் அளவை நிலைப்படுத்தும் மூடியிட்ட வால்வு) கொஞ்சம் அடைத்தால்தான் கோடியிலிருக்கும் புதியதற்கு நீர் போதிய அளவு போகும்.

இன்னொன்று: உங்கள் தெர்மோஸ்டாட் கூடத்தில் இருந்தால், கூடம் சூடானதும் பாய்லர் நின்றுவிடும், அப்பாவின் அறை குளிர்ந்தபடியே இருக்கும். கூடத்து ரேடியேட்டரின் லாக்ஷீல்டைக் குறைத்துவிட்டால் அது மெல்லச் சூடாகும், பாய்லரும் கூடுதல் நேரம் ஓடும். குழாய் வேலையை யாரும் செய்யலாம். பாய்லரின் எரிவாயுப் பகுதியில் கைவைக்க வேண்டி வந்தால் மட்டும் கேஸ் சேஃப் (பிரிட்டனில் எரிவாயு வேலை செய்பவர்களுக்கான பதிவேடு) பதிவு பெற்றவரைக் கூப்பிடுங்கள்.